சுவரில் ஒட்டிய நாலு வரி

ஒரு அருங்காட்சியகத்துக்குள் போகிறவர் அங்கே எவ்வளவு படிக்கிறார்? புத்தகக் கணக்கில் பார்த்தால் பத்துப் பக்கம்கூடத் தேறாது. ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. பெயர், ஆண்டு, எதனால் செய்தது, அப்புறம் நாலு வரி விளக்கம். நின்றபடியே, பின்னால் வருகிறவர் தோளை இடிக்க, பாதி படித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார். ஆனாலும் கலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய புத்தகங்களைவிட இந்த நாலு வரிக்குத்தான் வாசகர்கள் அதிகம். எழுதியவர் பெயர்தான் பெரும்பாலும் இருக்காது.

இதை எழுதக் கற்றுக்கொடுக்க ஒரு படிப்பு உண்டா? இன்றைக்கு உண்டு. மியூசியாலஜி, கியூரேட்டிங், கலை எழுத்து என்று பல பெயர்களில் முதுகலை வகுப்புகள் நடக்கின்றன. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அப்படி எதுவும் கிடையாது. அது உருவான கதையில் ஒரு மீன் ஆராய்ச்சியாளர், ஒரு பாங்க்காரர், ஒரு நூலகர், ஒரு சிலந்தி நிபுணர் எல்லோரும் வருகிறார்கள்.

முதலில் மீன்காரர். ஜார்ஜ் பிரவுன் குட். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய அருங்காட்சியகத்தைக் கட்டி வளர்த்தவர். அவர் 1889இல் பேசிய ஒரு பேச்சு மியூசியம்காரர்கள் மத்தியில் இன்றைக்கும் பிரபலம். ஒரு நல்ல அருங்காட்சியகம் என்பது விளக்க லேபிள்களின் தொகுப்பு, பொருள்கள் அந்த லேபிள்களுக்கு உதாரணமாக வைக்கப்பட்டவை என்பது அவர் கட்சி. கேட்கும்போது தலைகீழாக இருக்கிறது அல்லவா? ஆனால் பாட்டிலில் போட்ட மீனுக்கு இது சரிதான். எழுத்து இல்லாவிட்டால் பாட்டிலில் இருப்பது வெறும் மீன். இந்தக் கடல், இந்த ஆழம், இந்தக் குடும்பம் என்று ஒருவர் எழுதி வைத்தால்தான் அது அறிவு.

ஓவியத்துக்கும் சிலைக்கும் இது பொருந்துமா? பொருந்தாது என்றார் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளர். கலைப்பொருள் பார்ப்பதற்கானது, அதன் பக்கத்தில் அட்டை ஒட்டுவது சாப்பிடுகிறவன் இலைக்குப் பக்கத்தில் சமையல் குறிப்பை நிறுத்தி வைப்பது மாதிரி (உவமை அவருடையது அல்ல, ஆனால் எரிச்சல் அவருடையதுதான்). லேபிளுக்குப் பதிலாகக் கையில் எடுத்துப் படிக்கும் சிறு நூல்களை வைக்கலாம், கூடவே வந்து பேசி விளக்க ஆட்களை வைக்கலாம் என்றார். அமெரிக்க அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கிற 'டோசென்ட்' என்ற வழிகாட்டிகள் அவர் காலத்தில் பாஸ்டனில் வந்தவர்கள்தான்.

கில்மன் இன்னொரு காரியமும் செய்தார். 1916இல் 'மியூசியம் களைப்பு' என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு ஆளைக் கூட்டி வந்து, சில பொருள்களைக் காட்டி, அவற்றைப் பற்றிச் சுலபமான கேள்விகள் கேட்டு, அவன் பதில் கண்டுபிடிக்க எப்படியெல்லாம் குனிகிறான், முட்டி போடுகிறான், கண்ணாடிப் பெட்டியில் மூக்கை உரசுகிறான் என்று வரிசையாகப் போட்டோ எடுத்துப் போட்டார். படங்கள் சிரிப்பு மூட்டும். சொல்ல வந்தது சீரியஸான விஷயம். வருகிறவனுக்கு முதுகு என்று ஒன்று உண்டு, அதை மறந்துவிட்டுத்தான் இந்தப் பெட்டிகளையும் அட்டைகளையும் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இதைப் பற்றி யோசித்தவர்கள் ரொம்பக் குறைவு.

இப்போது பாங்க்காரர். பால் சாக்ஸ். பெயரின் பின்பாதியைக் கேட்டதுமே ஊகித்திருப்பீர்கள், கோல்ட்மன் சாக்ஸ் குடும்பம்தான். தாத்தா மார்கஸ் கோல்ட்மன், அப்பா சாமுவேல் சாக்ஸ். குடும்பத் தொழிலில் பதினைந்து வருடம் போலக் குப்பை கொட்டிவிட்டு, 1915இல் அதை விட்டு ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகத்துக்கு உதவி இயக்குநராக வந்து சேர்ந்தார். முனைவர் பட்டமெல்லாம் கிடையாது. இருந்தது அச்சுப்படங்களும் கோட்டோவியங்களும் சேகரிக்கும் பைத்தியம், பணக்காரர்களைத் தெரிந்திருந்தது, பொருளைப் பார்த்தால் தரம் சொல்லும் கண்.

1921இல் அவர் பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கினார். 'அருங்காட்சியக வேலையும் அருங்காட்சியகப் பிரச்சினைகளும்' என்பது அதன் பெயர். ரயில்வே துறை சுற்றறிக்கை மாதிரி இருக்கிற இந்தப் பெயருக்குள்ளிருந்துதான் அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்களை அடுத்த நாற்பது வருடம் நடத்திய ஆட்கள் வந்தார்கள். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஆல்ஃபிரட் பார், மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் இயக்குநரான ஜேம்ஸ் ரோரிமர், வாஷிங்டன் தேசியக் காட்சிக்கூடத்தின் இயக்குநரான ஜான் வாக்கர் எல்லோரும் இந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள். சாக்ஸ் 1948இல் ஓய்வு பெறும்வரை வகுப்பு நடந்தது.

வகுப்பு பாதி ஃபாக்கில், பாதி அவர் வீட்டில். ஷேடி ஹில் என்ற பெரிய வீடு. அங்கே மாணவர்கள் கையில் ஒரு வெண்கலச் சிலையையோ ஒரு கோட்டோவியத்தையோ கொடுத்துவிடுவார். பார், தொடு, திருப்பிப் பார், என்ன என்று சொல். எந்தச் சேகரிப்பாளரிடம் என்ன இருக்கிறது, எந்த வியாபாரி எதை விற்றார் என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். கட்டடம், காப்பீடு, வெளிச்சம், பெட்டி கட்டி அனுப்புவது எல்லாம் பாடம். மாணவர்களே சேர்ந்து கண்காட்சி நடத்த வேண்டும், கேட்டலாக் எழுத வேண்டும். சாக்ஸ் ரொம்பக் குள்ளமானவர், அவரிடம் படித்தவர்கள் எங்கே போனாலும் படங்களைத் தாழ்வாகவே மாட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும், நல்ல கதை.

ஆனால் இந்த வகுப்பில் எழுத்து எங்கே இருந்தது என்று தேடினால் ஒரு விஷயம் புரிகிறது. சாக்ஸ் கற்றுக்கொடுத்த எழுத்து, பொருளை அறிந்தவர் இன்னொரு பொருளறிந்தவருக்கு எழுதுவது. அளவு, காகிதம், யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, எந்த ஓவியரின் கை, ஏன் அப்படிச் சொல்கிறோம். இது சாதாரண வேலை இல்லை. அவரும் அவர் மாணவி ஆக்னஸ் மோங்கனும் சேர்ந்து 1940இல் வெளியிட்ட ஃபாக் கோட்டோவியங்களின் கேட்டலாக் மூன்று தொகுதி. துறைக்குள் அது ஒரு அளவுகோல். (அந்த மோங்கனுக்கு ஹார்வர்ட் பல வருடம் 'கியூரேட்டர்' என்ற பட்டத்தைக் கொடுக்கவில்லை. பெண் என்பதால் 'கோட்டோவியப் பாதுகாவலர்' என்று ஒரு பெயரை வைத்துச் சமாளித்தார்கள். கடைசியில் 1969இல் அவர் அந்த அருங்காட்சியகத்துக்கே இயக்குநர் ஆனார்.) எழுத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் தோளை இடித்துக்கொண்டு நிற்கிற அந்த ஆள் இந்த வகுப்புக்குள் அதிகம் வரவில்லை. ஷேடி ஹில்லின் வரவேற்பறையில் அவனுக்கு நாற்காலி இல்லை.

அவனுக்கு நாற்காலி போட்டது வேறொருவர். நியூயார்க்குக்குப் பக்கத்தில் நியூவார்க் என்ற தொழில் நகரத்தில் ஜான் காட்டன் டேனா என்ற நூலகர். 1909இல் அங்கே ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார். கிரேக்கக் கோயில் மாதிரி தூண் வைத்துக் கட்டி, ஊருக்கு வெளியே பூங்காவில் நிறுத்தி, உள்ளே தூசு படிய விடுவது அவருக்குப் பிடிக்காது. டிபார்ட்மென்ட் ஸ்டோரைப் பாருங்கள், எப்படி ஜனங்களை உள்ளே இழுக்கிறது, அதனிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்பார். சொன்னபடி செய்தும் காட்டினார். 1928இல் சில்லறைக் கடைகளில் பத்து சென்ட்டுக்குள் விற்ற சாமான்களை வாங்கி வந்து, நல்ல வடிவமைப்பு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கண்காட்சி நடத்தினார். ஹார்வர்டில் இதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

1925இல் டேனா ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கினார். கல்லூரி முடித்த இளம்பெண்கள்தான் பெரும்பாலும் சேர்ந்தார்கள். பெட்டி அடுக்குவது, லேபிள் எழுதுவது, பள்ளிக் குழந்தைகளுக்குப் பொருள் காட்டி விளக்குவது, எல்லா வேலையும் கையால் செய்து பழக வேண்டும். நூலகர் இல்லையா, அச்சும் எழுத்தும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் கறார். ஹார்வர்ட் வகுப்பைப் பற்றித் தனிப் புத்தகமே வந்துவிட்டது. டேனாவின் வகுப்புக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பணக்கார வீட்டுப் பையன்கள் படித்த வகுப்பும் சம்பளத்துக்கு வேலை தேடிய பெண்கள் படித்த வகுப்பும் வரலாற்றில் ஒரே எடை பெறுவதில்லை.

சுவாரசியம் என்னவென்றால், இந்த இரண்டு வகுப்பும் ஒரே கட்டடத்தில் சந்தித்துக்கொண்டன. 1929 நவம்பரில், பங்குச் சந்தை சரிந்து சில நாள்களிலேயே, நியூயார்க்கில் நவீன கலை அருங்காட்சியகம் திறந்தது. இயக்குநர் ஆல்ஃபிரட் பார், வயது 27. சிபாரிசு செய்தவர் சாக்ஸ். 1934இல் பார் தனக்கு உதவியாளராக எடுத்துக்கொண்டவர் டோரதி மில்லர், டேனாவின் முதல் வருட மாணவி.

பார் ஒரு பாதிரியாரின் மகன். அது அவர் எழுத்தில் தெரியும். கேட்கிறவனை உட்கார வைத்துப் புரிய வைத்தே தீர வேண்டும் என்கிற பிடிவாதம். நியூயார்க் ஜனங்களுக்கு கியூபிசம் என்றால் கேலிச்சித்திரத்துக்கான விஷயம். அவர்கள் முன்னால் அந்தப் படங்களை மாட்டி, பக்கத்தில் சாதாரண வாக்கியங்களில் விளக்கம் வைத்தார். 1935இல் வான்கோ கண்காட்சி. பார் செய்தது எளிய காரியம். படத்துக்குப் பக்கத்தில் வான்கோ தன் தம்பிக்கு எழுதிய கடிதங்களிலிருந்து பகுதிகளை எடுத்து வைத்தார். அந்த மஞ்சளை ஏன் அப்படிப் போட்டேன் என்று வரைந்தவனே சொல்லும்போது நடுவில் நிபுணருக்கு என்ன வேலை? கூட்டம் தாங்கவில்லை.

அடுத்த வருடம் கியூபிசமும் அருவக் கலையும் பற்றிய கண்காட்சியின் கேட்டலாகில், மேலட்டையிலேயே ஒரு வரைபடம் போட்டார். எந்த இயக்கத்திலிருந்து எது கிளைத்தது என்று அம்புக்குறிகள். பார்க்க ஒரு குடும்ப வம்சாவளி மாதிரி இருக்கும். அந்த அம்புகள் எவ்வளவு சரி என்று அன்றிலிருந்து இன்றுவரை சண்டை. ஐரோப்பாவின் நாலைந்து நகரங்களுக்குள் உலகக் கலை முழுவதையும் அடக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதும்கூட. எழுத்து எளிமையாக இருந்தால் அதன் தவறும் எளிதாகப் பரவும். அந்த வரைபடத்தைத் தாண்டி நவீன கலையை யோசிக்க அமெரிக்கப் பாடப்புத்தகங்களுக்கு ரொம்ப நாள் பிடித்தது.

மில்லரின் வழி வேறு. 1942 முதல் 1963 வரை இருபது வருடம் அவர் நடத்திய 'அமெரிக்கர்கள்' வரிசைக் கண்காட்சிகளின் கேட்டலாகுகளில் பெரும்பாலும் தான் பேசாமல் ஓவியர்களையே பேச விட்டார். 1959இல் ஃபிராங்க் ஸ்டெல்லா என்ற இருபத்துமூன்று வயது இளைஞன் கறுப்புக் கோடுகளாலான படங்களைக் கொண்டு வந்தான். தன்னைப் பற்றி எழுதத் தனக்கு வராது என்று நண்பன் கார்ல் ஆண்ட்ரேயை எழுத வைத்தான். கேட்டலாகில் அது அப்படியே அச்சாயிற்று, சின்ன ஒரு பத்தி. கலை வரலாற்று மாணவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். தன் குரலை அடக்கத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு எழுத்துத் திறமைதான் என்பதற்கு மில்லர் சாட்சி.

இதே காலத்தில் பாஸ்டனில் ஒருவர் இந்த முழு வியாபாரத்தையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இல் பிறந்தவர், அப்பா சர் முத்து குமாரசுவாமி ஈழத்துத் தமிழர், அம்மா ஆங்கிலேயர். 1917இல் கில்மன் வேலை பார்த்த அதே பாஸ்டன் அருங்காட்சியகத்துக்கு இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளராக வந்தார். சிவ நடனம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை அதற்கு முன்பே 1912இல் சென்னையில் 'சித்தாந்த தீபிகை' பத்திரிகையில் வந்துவிட்டது.

கலைப்பொருளை ரசித்தால் போதும், அட்டை எதற்கு என்றவர் கில்மன். குமாரசுவாமிக்கு அந்த ரசனைதான் பிரச்சினை. கலைப்பொருள்களை எதற்காகக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று தலைப்பிலேயே கேட்டு 1941இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் பொருள் ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டது. அது கும்பிடவோ, குடிக்கவோ, உடுத்தவோ. அந்த வேலையிலிருந்து பிடுங்கிக் கொண்டு வந்து வைத்திருக்கிறீர்கள். செய்தவனுக்கு அது எதற்காக இருந்தது என்று சொல்ல வேண்டியது உங்கள் கடமை, அழகாக இருக்கிறதே என்று மயங்கி நிற்க வைப்பது இல்லை. சாரம் இதுதான். சாக்ஸின் மாணவர்கள் கை நடுங்காமல் பிடித்துப் பார்த்த வெண்கலங்களைப் பற்றி வந்த மிகக் கடினமான கேள்வி இது. பதில் சொல்ல அவர்களுடைய பாடத்திட்டத்தில் இடமில்லை.

சென்னையில் இந்தக் கேள்விக்கு முகம் இருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தை ஊர் ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்று சொல்வார்கள் (மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'). 1851இல் அது கல்லூரிச் சாலையில் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியதும் இந்தப் பெயருக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. அங்கே இருக்கும் திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி பிரெஞ்சு சிற்பி ரொதான் எழுதியது 1921இல் பாரிஸில் வெளியானது. சாக்ஸ் வகுப்பு தொடங்கிய அதே வருடம். ரொதான் அதற்கு நாலு வருடம் முன்பே இறந்துவிட்டார். அவர் சென்னைக்கு வந்தவரும் இல்லை. போட்டோக்களை மட்டும் பார்த்து எழுதியது. ஊர், கோயில், அளவு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. உடம்பை மட்டும் பார்த்தார், ஒரு சிற்பி பார்ப்பது மாதிரி.

பதினோரு வருடம் கழித்து 1932இல் அதே சிலைகளுக்கு நேரெதிரான ஒரு எழுத்து வந்தது. கண்காணிப்பாளர் கிரேவ்லியும் டி.என்.ராமச்சந்திரனும் தொகுத்த தென்னிந்திய இந்து உலோகப் படிமங்களின் கேட்டலாக். கிரேவ்லி அடிப்படையில் விலங்கியல்காரர், சிலந்திகளை ஆராய்ந்தவர். சிலந்தியைக் கால் கணுவிலும் மயிரிலும் வகை பிரிப்பது போலச் சிலைகளையும் நகை, ஆடை, தலைக்குப் பின்னால் உள்ள சக்கரம் என்று விவரம் விவரமாகப் பார்க்கிற நூல். அலுப்பூட்டும், ஆனால் அசைக்க முடியாது. பின்னால் எழுதிய பலரும் இதன் மேல் நின்றுதான் எழுதினார்கள். ரொதானும் கிரேவ்லியும் சொல்லாமல் விட்டது ஒன்றே. தேரில் ஏறி வீதி சுற்றி வந்த ஒரு மூர்த்தி, மாலையும் பட்டும் போர்த்தி முகமும் கையும் மட்டும் தெரிய நின்றவர், இங்கே வெற்றுடம்போடு பீடத்தில் நிற்கிறார் என்பது. உற்சவரைப் பார்த்துப் பழகிய ஒரு பாட்டி அந்தக் கூடத்தில் செருப்பைக் கழற்றலாமா என்று தயங்கினால் அவருக்குச் சொல்ல எந்தக் கேட்டலாகிலும் வரி இல்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியவர் அதே சென்னை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த சி.சிவராமமூர்த்தி. சம்ஸ்கிருத இலக்கியத்தையும் சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியவர். 1942இல் அமராவதி சிற்பங்கள் நூல், 1974இல் நடராசர் பற்றிய பெரிய நூல். இடையில் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராகவும் இருந்தார். அவரும் எழுதியது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

இந்தியாவில் இதை முறையான பட்டப்படிப்பாக்கியது பரோடா. மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1950இல் நுண்கலைப் பிரிவும் 1952இல் மியூசியாலஜித் துறையும் வந்தன. மேற்கிலும் எண்பதுகளுக்குப் பிறகு வேகம் பிடித்தது. லண்டனில் ராயல் கலைக் கல்லூரி 1992இல் சமகாலக் கலைக்கான கியூரேட்டிங் படிப்பு தொடங்கியது, நியூயார்க் மாநிலத்தில் பார்ட் கல்லூரியில் 1994இல் முதுகலை வகுப்பு வந்தது. அப்புறம் கணக்கில்லை.

படிப்பு பெருகியது, எழுத்து தெளிந்ததா? 2012இல் அலிக்ஸ் ரூல், டேவிட் லெவின் என்ற இருவர் ஒரு வேலை செய்தார்கள். காட்சிக்கூடங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய ஆயிரக்கணக்கான கண்காட்சி அறிவிப்புகளைக் கணினியில் போட்டு அலசினார்கள். ஆங்கிலம்தான், ஆனால் எந்த ஆங்கிலேயனும் பேசாத ஆங்கிலம். எதுவும் இருப்பதில்லை, 'கேள்விக்குள்ளாக்குகிறது'. அறை என்பது கிடையாது, 'வெளி'தான். பிரெஞ்சுக் கோட்பாட்டாளர்களை எழுபதுகளில் மொழிபெயர்த்த அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து இந்த நடை வந்தது என்று அவர்கள் ஊகித்தார்கள். (நம் சிறுபத்திரிகைகள் படித்தவர்களுக்கு இந்த வியாதி புதிதில்லை.) கலை உலகம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் ஹிட்டோ ஷ்டெயர்ல் என்ற ஜெர்மன் கலைஞர் அடுத்த வருடம் எழுதிய பதிலில் ஒரு குத்தல் இருந்தது. அந்த அறிவிப்புகளை எழுதுகிறவர்கள் யார்? சம்பளம் சரியாகக் கிடைக்காத பயிற்சியாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள். அவர்கள் எழுத்தைக் கேலி செய்வது யார் என்றும் பாருங்கள் என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு வருகிற ஒருவர், தான் படித்தவர் என்று நிரூபிக்கத்தான் முதலில் எழுதுவார். படிக்கிறவர் ஞாபகம் அதற்கு அப்புறம்தான்.

இந்த வகுப்புகளுக்கெல்லாம் வெளியே, ஸ்வீடனில் 1980களில் மார்கரெட்டா எகார்வ் என்ற எழுத்தாளர் ஒரு முறையைக் கொண்டு வந்தார். அவர் கலை வரலாற்றுக்காரர் இல்லை. படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்காக எளிய புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்தவர். ஸ்டாக்ஹோம் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு லேபிள் எழுதச் சொன்னபோது சில விதிகளைப் பிடித்துக்கொண்டார். ஒரு வரிக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து எழுத்து. பேச்சில் எங்கே மூச்சு விடுவோமோ அங்கே வரி முடிய வேண்டும். ஒரு வார்த்தையும் இரண்டாக உடையக் கூடாது. எழுதியதும் உரக்கப் படித்துப் பார், பிறகு சுவரில் ஒட்டி மறுபடி படி. அப்படி எழுதிய அட்டைகள் பார்ப்பதற்குப் புதுக்கவிதை மாதிரி இருந்தன.